நெல் ஊறிய தொட்டியில் நீச்சல்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாத முளைப்பாரித் திருவிழாவில் நான் முல்லையாற்றில் வழுக்கி விழுந்தேன். என் வீட்டுக்காரரின் தம்பி படித்துறையில் நின்றபடியே என் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். நடந்தது அவ்வளவுதான். தண்ணீர் என் இடுப்பைத் தாண்டவில்லை என்று இன்றைக்கும் நான் சாதிப்பேன். ஆனால் டீக்கடையில் என் கொழுந்தனார் சொன்ன கதையில் அது முதலில் கழுத்தளவானது, பிறகு தலைக்கு மேல் போனது. ஐப்பசி பிறப்பதற்குள் நான் மூன்று முறை முங்கி எழுந்துவிட்டேன்.

கேலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு ஊர்க் கூட்டத்தில் செய்த முடிவைத்தான் பொறுக்க முடியவில்லை. "இனிமே பொம்பளைக மேல்படியோட நிக்கட்டும். முளைப்பாரியை ஆம்பளைக வாங்கிக் கரைச்சிருவாக" என்றார் ஊர்ப் பெரியவர்.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே முளைப்பாரி என்பது முழுக்கப் பெண்கள் காரியம். சட்டியில் எருவும் மண்ணும் போட்டு விதை தூவுவது நாங்கள். வெயில் படாத அறையில் வைத்துப் பத்து நாள் விரதமிருந்து தண்ணீர் தெளிப்பது நாங்கள். கும்மியடித்து, தலையில் சுமந்து, தெருத்தெருவாக வருவதும் நாங்கள்தான். கடைசியில் ஆற்றில் கரைக்கிற அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் வாங்கிக்கொள்வார்களாம். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்று கேட்டுவிட்டேன், "எங்களை ஏன் தடுக்கிறீக?"

"ஆத்தா, இந்த ஊர்ல நீச்சல் தெரிஞ்ச பொம்பளை ஒருத்தியைக் காட்டு. அடுத்த ஆடிக்குப் பத்துப் பேரு நீந்தி வந்தா, அவுகவுக சட்டியை அவுகவுக கரைச்சிக்கிரட்டும்" என்றார் பெரியவர். கூட்டம் சிரித்தது. என் கொழுந்தனார் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அவர் கேட்டதில் தப்பு இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆறு ஓடும் ஊர், தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. ஏழு வயதில் பையன்கள் மோட்டார் ரூம் கூரையிலிருந்து கிணற்றில் குதிப்பார்கள். நாங்கள் அவர்களுடைய சட்டைகளைக் காவல் காத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்போம். பிறந்த ஊரிலும் புகுந்த ஊரிலுமாக நாற்பத்தாறு வயது வரை ஆற்றுச் சத்தம் கேட்கிற தூரத்திலேயே வாழ்ந்தும் எனக்கு மிதக்கக்கூடத் தெரியாது. கொழுந்தனார் மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது.

எங்கே கற்றுக்கொள்வது? ஆற்றில் இறங்கினால் பாலத்தில் ஊரே வரிசை கட்டி நிற்கும். கிணறுகள் செங்குத்து. யோசித்துக்கொண்டே மூன்று மாதம் ஓடிவிட்டது. தை மாதத்தில் ஒருநாள் கொழுந்தனார் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு எங்கள் பழைய ரைஸ்மில்லுக்குப் போனார்.

மில் பன்னிரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. மாமனார் காலத்தில் இரண்டு போக நெல்லும் அங்கேதான் அவியும். புகைபோக்கி மட்டும் ஊருக்கு அடையாளமாக நின்றது. உள்ளே, தகரக் கூரைக்குக் கீழே, நெல் ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டிகள் ஐந்து, ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் பத்தடிச் சதுரம், ஐந்தடி ஆழம். அவற்றை உடைத்துவிட்டு வாழைத்தார் இறக்க குடோன் போட வேண்டும் என்பது கொழுந்தனாரின் திட்டம். நான் டீ கொண்டுபோனவள், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சுற்றிலும் இரண்டு ஆள் உயரக் காம்பவுண்டுச் சுவர். மேலே கூரை. பக்கத்தில் போர்வெல். அடியில் தண்ணீர் வடியக் குழாய். டீத் தூக்கை அங்கேயே கீழே வைத்தேன்.

"தம்பி, உடைக்கத்தானே போறீக? நடுச்சுவர் நாலையும் மட்டும் உடைச்சிட்டு மிச்சத்தை ஆடி வரைக்கும் விட்டுருங்க" என்றேன்.

"எதுக்கு மதினி?"

"துணி துவைக்க."

அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அண்ணனைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டினார். அது போதும் எனக்கு. கொத்தனார் வெளிச்சுவர் சாயாமலிருக்க இரண்டு பக்கமும் ஒன்றரை அடிச் சுவரை விட்டுவிட்டு நடுவில் இடித்தார். ஐந்து தொட்டி ஒரே தொட்டியானது. ஐம்பதடி நீளம். பன்னிரண்டு வருஷத்து உமியையும் எலிப் புழுக்கையையும் நானும் என் ஓரகத்தியும் நான்கு நாள் வாரினோம். ஓரகத்தி என்றால் அந்தக் கொழுந்தனாரின் மனைவிதான். புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லிக்கொடுக்க ஆள், பக்கத்துத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஆலப்புழைப் பெண். வயது இருபத்தெட்டு. தொட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "எங்க வீட்டு முற்றத்துல இதைவிட வெள்ளம் நிக்கும் சேச்சி. பரவாயில்லை, பேடிக்க வேண்டா" என்று மலையாளம் கலந்து தைரியம் சொன்னாள்.

முதல் தண்ணீர் நிறைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. பதினோரு பேர் ரகசியமாக வந்து சேர்ந்தோம். சூடம் காட்டினோம். அப்போதுதான் என் ஓரகத்தி மடியிலிருந்து ஒரு பையை எடுத்து, யாரும் தடுப்பதற்குள், மொத்தத்தையும் தண்ணீரில் கொட்டினாள். குழம்புக்கு அரைத்து வைத்திருந்த இரண்டு கிலோ மஞ்சள்தூள். "புதுத் தண்ணி. மங்களமா இருக்கட்டும். கிருமியும் செத்துரும்" என்றாள். அம்மை இறங்கிய பிள்ளைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியே பழகிய எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆலப்புழைப் பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்கு மணிக்குப் பதினோரு பெண்கள், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மஞ்சளாக, தெருவில் நடந்து போனோம். "யாரு வீட்ல விசேஷம்? எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்று வாசலுக்கு வாசல் கேட்டார்கள். ஓரகத்தி மஞ்சளாக வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் கொழுந்தனாருக்கு என் துணி துவைப்பு விளங்கியது.

மறுநாள் டீக்கடைக்கு வேறு பேச்சே இல்லை. சில வீடுகளில் சண்டை. பதினோரு பேர் நான்கானோம். கொழுந்தனார் வந்து, "வேணாம் மதினி, ஊரே சிரிக்குது" என்றார். "நீங்க ஆரம்பிச்சு வச்ச சிரிப்புதான் தம்பி" என்றேன். வந்த வழியே போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்கு பேரை வைத்துக்கொண்டு பத்துப் பேர் கணக்கை எப்படிச் சரிக்கட்டுவது? விடிந்ததும் மில்லின் பழைய சங்கு ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஊர் சோறாக்கியது. எலெக்ட்ரீஷியன் ஒயர் மாற்றிக் கொடுத்தார். மூன்று மணிக்குச் சங்கை ஊதவிட்டேன். பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த சத்தத்தைக் கேட்டு, மில் திறந்துவிட்டார்கள் என்று இரண்டு பேர் நெல்லைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். மறுநாளும் மூன்று மணிக்கு ஊதினேன். அதற்கு மறுநாளும். ஒளித்துச் செய்தால்தானே கேலி? ஊரறியக் கூப்பிட்டால் அது ஒரு வேலை. ஒரு வாரத்தில் நான்கு ஏழானது. பங்குனியில் பதினான்கு.

நைட்டியோடு இறங்கினால் காற்றுப் புகுந்து உப்பிக்கொள்கிறது என்று கண்டுபிடித்துச் சுடிதாருக்கு மாறினோம். மூட்டை தூக்கும் கொக்கிகளில் மாற்றுத்துணியைத் தொங்கவிட்டோம். வெட்டிய வாழைமரத்தைக் கட்டிப்பிடித்துக் காலடித்தோம். மூன்று நாளைக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் பின்னால் இருந்த தென்னைகளுக்குப் போனது. எல்லோருக்கும் கடைசியாகத்தான் எனக்கு நீச்சல் வந்தது. தொட்டியின் நடுவில் வருகிறபோதெல்லாம் கொண்டையை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கும், உடனே காலை ஊன்றிவிடுவேன். சித்திரை மாத நடுவில் ஒருநாள் ஆலப்புழைப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் என் வாழைமரத்தை உருவிக்கொண்டு போய்விட்டாள். நான் அவளைத் திட்டிக்கொண்டே துரத்தினேன். எதிர்ச் சுவரைத் தொட்ட பிறகுதான் ஐம்பதடியும் நீந்தி வந்திருக்கிறேன் என்று புரிந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தில்கூடப் படவில்லை. இதை என் வீட்டுக்காரர் படித்தாலும் படிக்கட்டும்.

ஆடி வந்தது. அணை திறந்து ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. பதினான்கு பேரும் முளைப்பாரியைத் தலையில் வைத்துப் படித்துறைக்கு வந்தோம். மேல்படியில் ஊர்ப் பெரியவர். கீழ்ப்படியில் என் கொழுந்தனார், தோளில் புது நைலான் கயிற்றுச் சுருளோடு.

"பத்துக் கேட்டீக. பதினாலு இருக்கோம்" என்றேன்.

பெரியவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

இறங்கினோம். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. ஆலப்புழைப் பெண் இழுப்பு பார்த்துக் கை காட்டினாள். சட்டிகளைச் சாய்த்தோம். பத்து நாள் இருட்டில் வளர்ந்த வெளிறிய பயிர் தண்ணீரில் பிரிந்து போனது. அடுத்து நடந்தது யாரும் பேசி வைத்ததில்லை. அவள் அக்கரையைப் பார்த்து நீந்தினாள், நான் பின்னாலேயே போனேன். நீரோட்டம் என்னைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டுதான் போனது. நாணலைப் பிடித்து ஏறித் திரும்பிப் பார்த்தால், ஆற்றுக்குள் நின்ற பன்னிரண்டு பேரும் குலவை போட்டார்கள். இவ்வளவு காலமும் கரையில் நின்று போட்ட குலவை. வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிக்கொண்டு நானும் போட்டேன். பிறகு நீந்தி இக்கரைக்கு வந்தேன்.

கொழுந்தனார் அதே கீழ்ப்படியில் நின்றிருந்தார். கணுக்கால்கூட நனையவில்லை. கயிற்றுச் சுருள் அவிழாமல் தோளிலேயே இருந்தது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மதினி, மில்லுல ஆம்பளைகளுக்குன்னு தனியா நேரம் ஏதும் வச்சிருக்கீகளா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னை இழுத்த அன்றைக்கும் அவர் படியை விட்டு இறங்கவில்லை. நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒவ்வொரு ஆடியிலும் படியில் நின்று கயிறு பிடிக்கும் வேலையை முந்திக்கொண்டு வாங்கியவர் அவர்தான். டீக்கடையில் இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"காலையில ஆறு மணி" என்றேன். "வரும்போது அந்தக் கயித்தையும் கொண்டாங்க. புதுசா வர்றவுக பிடிச்சுக்கிறதுக்குத் தொட்டிக்குக் குறுக்கே கட்டணும்."

தொட்டியை உடைப்பதைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கயிற்றோடு வந்து நின்றார்.