வேலாயிக்கு வீடு கிடைத்த வாரம்

வத்தேகமவிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம் வரும். எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. ஐந்தாவதில் சஞ்சீவனி, ஆறாவதில் வேலாயி, ஏழாவதில் நாங்கள். நடுச்சுவர்கள் கூரைவரை போவதில்லை. யார் வீட்டில் என்ன பேசினாலும் கேட்கும்.

சஞ்சீவனிக்கு நாற்பத்தாறு வயது. கொழுந்து பறிக்கிறாள். கணவர் தனபாலன் கண்டிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். லயத்தில் கிறிஸ்தவர்கள் அவர்கள் ஒரு குடும்பம்தான். தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் சத்தமாக ஜெபம் பண்ணுவாள். தனக்கு வேண்டியதை இரண்டு வார்த்தையில் கேட்டுவிட்டு, மற்றவர்களுக்கு நடந்த நல்லவற்றுக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்வாள். முத்துலிங்கத்தின் மகளுக்கு மடவளையில் வேலை கிடைத்ததற்கு ஸ்தோத்திரம். கங்காணி வீட்டுப் பசு கன்று போட்டதற்கு ஸ்தோத்திரம். நல்லது நடந்த வீட்டில் அன்று எல்லோரும் காது கொடுத்து இருப்பார்கள். "நேத்து எங்க பேரு வந்துச்சு" என்று மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் பெருமையாகச் சொல்வார்கள்.

சென்ற வருடம் தோட்டத்தில் பத்துப் புது வீடுகள் கட்டி முடித்தார்கள். கேட்டிருந்ததோ இருபத்திரண்டு குடும்பம். சீட்டுக் குலுக்கினார்கள். கடைசி வீடு வேலாயிக்கு விழுந்தது. கேட்டிருந்த சஞ்சீவனிக்கு இல்லை. அவள் காம்பரா ஏழு இடத்தில் ஒழுகும். மழை நாளில் மகள் குடையைப் பிடித்துக்கொண்டுதான் படிப்பாள்.

அன்று ஜெபத்தில் வேலாயியின் பெயர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வேலாயி சட்டியைக்கூடச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அன்றும் இல்லை.

"பாத்தீங்களா அக்கா, அவளுக்கு வயித்தெரிச்சல்" என்றாள் பீலியில் என்னிடம். "அந்தக் கண்ணு பட்டா புது வீடு வெளங்குமா? பால் காச்சுறதுக்கு அவளுக்குச் சொல்லவே மாட்டேன்."

நானும் சஞ்சீவனியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தள்ளிப் போய் நின்றாள். வேலாயியின் குரல் கேட்டால் வாசல் இஸ்தோப்பிலிருந்து எழுந்து உள்ளே போனாள். வீடு போனதைவிட, இத்தனை வருடமாய்ச் சொல்லி வந்த அந்த 'ஸ்தோத்திரம்' வாயில் வராததுதான் அவளை வாட்டியது என்று எனக்குப் பட்டது.

நான்காம் நாள் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் தொடங்கினாள்.

"ஆண்டவரே, வேலாயிக்கு வீடு குடுத்தீங்க. எனக்குச் சந்தோசமே வரல. பொய்யா ஸ்தோத்திரம் சொல்லவும் முடியல. அவ மூஞ்சியப் பாக்கவும் முடியல. எனக்கு வீடு தராட்டியும் பரவாயில்ல, அந்தச் சந்தோசத்தையாவது தாங்க."

யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். பிறகு வேலாயியின் குரல் சுவருக்கு மேலாகப் போனது.

"ஏய் சஞ்சீவனி! லயத்துக்கே கேக்குற மாதிரியா ஒன் சாமிகிட்ட என்னையப் பத்திக் கோள் சொல்லுவ?"

"ஒன்னையப் பத்தி இல்ல வேலாயி. என்னையப் பத்தித்தான் சொன்னேன்."

வேலாயி சட்டியை நங்கென்று இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கெழம பால் காச்சுறோம். சந்தோசம் வந்தாலும் வா, வராட்டியும் வா. சும்மா வராம அரிசி களைய ஒரு கை குடு."

தனபாலன்தான் முதலில் சிரித்தார். பிறகு மூன்று காம்பராவிலும் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை சஞ்சீவனி வந்தாள். பால் பொங்கும்போது ஓரமாகத்தான் நின்றாள். அதற்குப் பிறகு வேலாயி குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். பத்து வயதிலிருந்து குடம் சுமந்தவள். திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தண்ணீர் முகத்தில் தெறிக்க, "வீட்டுக்குள்ளயே வருது, பாருங்களேன்" என்று அப்படியே நின்றாள்.

சஞ்சீவனி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "மூடுடி, தண்ணித் தாங்கி காலியாயிரும்!" என்று ஓடிப்போய்த் தானே மூடினாள். கையோடு அடுப்பைப் பார்த்தாள். "இங்கயா அடுப்பு வச்சிருக்க? சாரல் அடிக்கும். அந்தப் பக்கம் மாத்து."

"இது யாரு வீடு?"

"ஒன் வீடுதான். அதுக்காகக் கண்ட எடத்துல அடுப்ப வைப்பியா?"

பகல் சாப்பாடுவரை இருவரும் அடுப்புக்காகச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் சஞ்சீவனி சொன்ன இடத்திலேயே வைத்தார்கள்.

திரும்பி வரும்போது அவள் என்னோடு வந்தாள். எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, வேலாயி வீட்டுக் குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.