நாற்பத்தைந்துக்கு அடியில்

என் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. இலங்கைக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. மேலே வேலோடு முருகன், கீழே ஜூன் மாதம். விடுமுறை நாட்கள் தவிர ஒவ்வொரு கட்டத்திலும் நீலப் பேனாவில் 45 என்று கோணல்மாணலாக எழுதியிருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு 45-க்கும் அடியில் வேறொரு எண் தெரியும். 16. 12. 20. ஒரு நாள் வெறும் 9. அந்தச் சின்ன எண்கள்தான் உண்மை. 45 என்பது நான் ஆரம்பித்து வைத்த பொய்.

எழுதியவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்துக்காரர். இந்த நாட்டுக்கு வந்து பென்ரோஸில் ஒரு கிடங்கில் இருபது வருடம் சரக்கு எண்ணிக்கை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சோர்ந்துபோய், கிளென்ஃபீல்டில் நான் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்த பராமரிப்பு இல்லத்துக்கு வந்தார். நான்கு வாரப் பயிற்சி. தேறினால் வீடு, இல்லாவிட்டால் நிரந்தரமாக இல்லத்திலேயே ஒரு கட்டில். அவர் வீடு வெஸ்ட்கேட்டில் இருந்தது. வாசலில் நான்கு படிகள். "நாலே நாலு படி, தங்கச்சி. அதை ஏறினால் காணும், வேறொண்டும் வேண்டாம்" என்பார். நன்றாகப் பயிற்சி கொடுத்தால் ஏறிவிடுவார் என்றே நானும் நினைத்தேன்.

எங்களிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் உண்டு. அதில் இரண்டு பத்திகள். திங்கட்கிழமை காலையில் முதல் பத்தியில், தினமும் எத்தனை நிமிடம் பயிற்சி கொடுக்கப்போகிறோம் என்ற உத்தேசத்தை எழுத வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டாவது பத்தியில், உண்மையில் கொடுத்த நிமிடங்களை. அண்ணாவுக்கு உத்தேசம் நாற்பத்தைந்து. ஆனால் இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை நான் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை எழுப்பி, இடுப்பில் பெல்ட் கட்டி, பிடித்து நடக்கும் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, நாலு அடி வைப்பதற்குள் அடுத்த அறையில் மணி அடிக்கும். "இதோ வந்துட்டேன்ணா" என்று ஓடுவேன். திரும்பி வரும்போது அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்திருக்கும்.

அப்படியானால் உள்ளதை எழுத வேண்டியதுதானே என்று கேட்கலாம். எழுதிப் பார்த்தவள்தான் நான். அவருக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவருக்கு நேர்மையாகப் பதினைந்து என்று எழுதினேன். அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று மேலிடத்தில் முடிவு செய்து, அடுத்த வாரம் அவருடைய திட்டத்தையே இருபதாகக் குறைத்துவிட்டார்கள். ஆள் போதவில்லை என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லை. அண்ணாவுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று தினமும் நாற்பத்தைந்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு.

வலது கைக்குப் பயிற்சியாகத் தினமும் எதையாவது எழுதுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் எழுதியது நிமிடங்களை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய என் தாளைப் படிப்பார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, கட்டிலருகே சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தன் எண்ணை எழுதுவார். கிடங்குப் பழக்கம். "கொம்பியூட்டர் ஒண்டு சொல்லும், சாமான் அடுக்கின இறாக்கை வேற ஒண்டு சொல்லும். நான் இறாக்கையைத்தான் நம்புறனான்" என்று சிரிப்பார். "இண்டைக்குப் பன்ரண்டு, தங்கச்சி." நான், "நாளைக்குச் சேத்துப் பண்ணிடலாம்ணா" என்பேன். "ஓம், ஓம். உங்களுக்கும் ரெண்டு கைதானே" என்பார்.

நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை, அவர் அறையிலேயே முடிவெடுக்கும் கூட்டம் நடந்தது. மேலாளர் என் தாளைப் புரட்டினார். ஒரு நாள்கூடத் தவறாமல் முழுப் பயிற்சி, ஆனாலும் ஒரு படிகூட ஏற முடியவில்லை; ஆகவே இதற்கு மேல் முன்னேற்றம் வராது, நிரந்தரக் கட்டில்தான் என்றார். அவரைக் காப்பாற்ற நான் எழுதிய நாற்பத்தைந்தே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வாயைத் திறந்திருக்க வேண்டும். மேலாளர் அண்ணாவிடம், தினமும் முழு நேரமும் கிடைத்ததா என்று கேட்டார். நான் பயந்துபோய்ச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். எல்லாக் கட்டங்களிலும் 45.

"யெஸ். எவ்ரி டே. ஃபுல் டைம்" என்றார் அண்ணா.

எல்லோரும் போன பிறகு, "ஏன்ணா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன். அழுதுவிட்டேன். "நீங்கள் எனக்கு நல்லது நினைச்சுத்தான் எழுதினனீங்கள். உண்மை தெரிஞ்சால் உங்கட வேலை போயிடும். விசாவும் இன்னும் வரேல்ல. விடுங்கோ, தங்கச்சி" என்றார். திங்கட்கிழமை மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை; கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். கையெழுத்துப் போட்ட தாளைத் திருத்த முடியாது, அந்த நோயாளியே முழு நேரம் கிடைத்தது என்று சொல்லிவிட்டார், பயிற்சிப் பிரிவில் அந்த இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் கவனமாக இரு என்று மெதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த நான்கு படிகளை அண்ணா பிறகு ஏறவேயில்லை. அடுத்த வருடக் குளிர்காலத்தில் நிரந்தரப் பிரிவிலேயே காலமானார்.

இப்போது வேறு இடத்தில் வேலை. பதினேழு என்றால் பதினேழு என்றே எழுதுகிறேன். திட்டத்தைக் குறைக்கிறார்கள். ஏன் பதினேழு என்று விளக்கிக் கடிதம் எழுதுகிறேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

அண்ணா காலமான பிறகு, காலண்டரைக் கொண்டுவந்து தந்தது அவர் மனைவி. தன் கணவருக்காக நான் மிகவும் பாடுபட்டதாக நம்பி, மீன் ரோல்ஸும் செய்து கொண்டுவந்திருந்தார். "இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர். அந்தக் கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் முழுக்க இருந்து எழுதினவர். கை பழகுறன் எண்டார். நான் எழுதித் தாறன் எண்டாலும் விடேல்ல" என்றார்.

அவருக்கு ஒரு இலக்கம் எழுத எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். பேனாவை விரல்களுக்குள் செருகவே ஒரு நிமிடம். பழைய எண் மறையும்வரை அழுத்தி, ஒவ்வொரு கட்டமாக, கிட்டத்தட்ட இருபது கட்டங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. நாங்கள் அவருக்கு நாலு வாரமும் கொடுத்த எந்தப் பயிற்சியும் அவ்வளவு நேரம் நடந்ததில்லை. அந்த நிமிடங்களை எழுத என் தாளில் பத்தி இல்லை.