கொள்ளி வைத்தவன் பெயர்

என் வீட்டுக்காரர் குணாளனுக்கு யாரையும் நம்பித் தொலைக்கும் பழக்கம் கிடையாது. பசாரில் மீன் வாங்கினால் பக்கத்துக் கடைத் தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்பார். லுக்குட்டில் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், வேலை முடியும்வரை பட்டறை வாசலிலேயே நிற்பார். கல்யாணமான புதிதில் என் ரசத்தையே மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். அப்படிப்பட்ட மனுசனின் வாழ்க்கையைப் புத்தகமாக்க எங்கள் மகள் ரோகினி ஓர் எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசாம். நல்ல பரிசு போ!

அவர் பெயர் ஹேமநாதன், சிரம்பான்காரர். மற்றவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, அவர்களே எழுதியது போல எழுதிக் கொடுப்பது அவருக்குத் தொழில். சனிக்கிழமைகளில் பாரோயில் எங்கள் வீட்டுக்கு வந்து, கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவு செய்துகொள்வார். லுக்குட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தது, சின்ன வயதிலேயே அம்மாவோடு ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போனது, பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியது, கம்பெனி தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்ட ஆரம்பித்ததும் அங்கிருந்து வெளியேறியது எல்லாவற்றையும் இவர் சொன்னார். சொல்லும்போதே எழுதவந்த அந்தப் பிள்ளையின் முகத்தை முறைத்துக்கொண்டிருப்பார்.

"இவன் நம்ம கதைய கேக்கறதே இல்ல லோகா" என்றார் ஒருநாள் என்னிடம். "தலைய ஆட்டுறான், கண்ணு எங்கியோ இருக்கு. ஒரே புத்தகத்த வச்சிக்கிட்டு ஊருக்கெல்லாம் பேர மாத்திக் குடுக்கிறான்னு நினைக்கிறேன்."

"நல்ல பிள்ளைங்க அது. சும்மா சொல்லிட்டுப் போங்களேன்."

"நல்ல பிள்ளை! உனக்கு ஆன்ட்டின்னு கூப்பிட்டாப் போதும்."

அடுத்த வாரம் நான் கோப்பி எடுத்துக்கொண்டு வரும்போது இவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கம்மாவுக்குக் கொள்ளி வச்சது என் தம்பி தர்மேந்திரன். தாய்க்குக் கடைசிப் பிள்ளைதானே வைக்கணும்?"

தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். கொள்ளி வைத்தது இவர். என் கண்ணால் பார்த்தவள் நான். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பதுதான் எங்கள் வழக்கம். தர்மேந்திரன் அன்றைக்கு ஜொகூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். வழியில் மாட்டிக்கொண்டதாகப் போன் செய்தார். இவர் நம்பவில்லை. "சாக்குச் சொல்றான், வரமாட்டான்" என்று தானே கொள்ளியைக் கையில் வாங்கிவிட்டார். தம்பி வந்து சேர்ந்தபோது சிதை பாதி எரிந்திருந்தது. அந்த மனுசன் அப்படியே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு பக்கத்தில் ரெம்பாவுக்கே குடிவந்தும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஹேமநாதன் போனதும் பிடித்துக்கொண்டேன். "என்னாங்க இது, வாய் கூசாம?"

இவர் சிரித்தார். "தோட்டத்துல எல்லா வீட்டுக் கோழியும் ஒண்ணாத்தான் மேயும். நம்மளது எதுன்னு தெரிய இறக்கையில சாயம் பூசி விடுவோம்ல? அந்த மாதிரிதான் லா. இந்தப் பொய் வேற எவன் புத்தகத்துலயும் இருக்காது. எழுதிக் கொண்டாந்தான்னா ஒழுங்கா கேட்டிருக்கான்னு அர்த்தம். அப்புறம் அந்த வரிய அடிச்சிடலாம்."

"சாயம் பூச உங்களுக்கு வேற கோழியே கிடைக்கலையா?"

இவர் டிவியைப் போட்டார்.

ஆனால் ஹேமநாதனுக்கு ஒரு முறை இருந்தது. முன்பு ஏதோ ஒரு புத்தகத்தால் ஒரு குடும்பமே அடித்துக்கொண்டதாம். அதிலிருந்து, உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதினால் முதலில் அவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுவார். எங்களிடம் வருவதற்கு முன்பே அந்தப் பக்கங்கள் ரெம்பாவில் கொழுந்தனாருக்குப் போய்விட்டன.

ஒரு மத்தியானம் கேட் முன்னால் மோட்டார் வந்து நின்றது. தர்மேந்திரன். தலையில் ஹெல்மெட், கையில் தாள். நான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன்.

"வாங்க தம்பி, உள்ள வாங்க."

"இருக்கட்டும் அண்ணி. அண்ணன் எதுக்கு இப்ப இப்பிடிச் சொல்லியிருக்காரு? என்னா வேணுமாம் எங்கிட்ட? ஏதாச்சும் பத்திரத்துல கையெழுத்தா?"

சந்தேகத்தில் அண்ணனுக்குத் தப்பாமல் பிறந்த தம்பி! அதற்குள் சத்தம் கேட்டு இவர் வெளியே வந்தார். தாளைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

"நீதான் சொன்னியாண்ணே? நான்தான் வச்சேன்னு?"

"அது பொய்டா" என்றார் இவர். "அந்த ரைட்டர சோதிச்சிப் பாக்கச் சொன்னது."

ஐயோ, அந்த நேரத்தில் இவர் வாயை அடைக்க என் கையில் ஒன்றும் இல்லாமல் போனதே! கொழுந்தனாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சந்தேகத்தோடு வந்தவர்தான், ஆனாலும் அண்ணன் மனசு மாறியிருப்பார் என்று உள்ளே கொஞ்சம் ஆசையோடும் வந்திருக்கிறார்.

"அவ்ளோதானா?" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மோட்டார் பக்கம் திரும்பினார்.

"தர்மா!" இவர் செருப்பில்லாமல் தார் ரோட்டுக்கு ஓடினார். கொதிக்கிற வெயில். "பொய் சொல்லணும்னு நினைச்சதும் வாயில அதான்டா வந்திச்சி. வேற எதுவும் வரல."

கொழுந்தனார் திரும்பாமலே கேட்டார். "அன்னிக்கிப் போன்ல சொன்னேன்லண்ணே. பாலத்துல லோரி கவுந்து கிடக்கு, வந்துக்கிட்டே இருக்கேன்னு. ஏன் என்னை நம்பல?"

இவர் நின்றார். கால் சுட்டிருக்கும், நகரவில்லை.

"நம்பியிருக்கணும்டா. தப்புப் பண்ணிட்டேன்."

இத்தனை வருட வாழ்க்கையில் இவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொழுந்தனார் ஹெல்மெட்டைக் கழற்றினார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அப்ப புத்தகத்துல பொய் வேணாண்ணே. நடந்ததப் போடு."

நான் சோறு போட உள்ளே ஓடினேன். கூடத்திலிருந்து இவர் ஹேமநாதனுக்குப் போன் செய்வது கேட்டது.

"சார், அந்த இடத்த மாத்துங்க. கொள்ளி வச்சது நான். தம்பி வந்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லியும் கேக்காம வச்சேன். அப்பிடியே எழுதுங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல சார், அவன்கிட்ட கேக்க ரெம்பாவுக்கெல்லாம் போக வேணாம். இங்கதான், என் வீட்டுல, சாப்பிட உக்காந்திருக்கான்."