துரையின் மண்தொட்டி

அந்தக் குடியிருப்பில் குழாய் வேலை பார்ப்பவருக்கு ஸ்பானர் என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்பது அவருக்கே தெரியாது. முப்பது வருடமாக எல்லோருக்கும் அவர் ஸ்பானர் அண்ணன்தான். சொந்த மாமியாரே ஒருமுறை வாய்தவறி "ஸ்பானர் மாப்ளே" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மொத்தம் ஆறு கட்டிடம். எந்த வீட்டுச் சமையலறைத் தொட்டி முக்கி முனகி வடியும், எந்த வீட்டுக் கம்மோடில் விளையாட்டுச் சாமான் விழும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அடைப்பு எடுக்கப் போனால் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கடைசியா எப்ப சரியாப் போச்சு?" வீட்டுக்காரர்கள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். "தினமும் போற இடம். ஒரு நாளாவது குனிஞ்சு பாக்க மாட்டீங்களா?" என்று ஒரு டோஸ் விட்ட பிறகுதான் பையைத் திறப்பார். அந்தத் திட்டை வாங்காத வீடு அங்கே குறைவு.

அவருக்கு உலகத்தில் ஜென்மப் பகை என்று இருந்தால் அது பூனை மண்ணோடுதான், வீட்டுப் பூனை வெளிக்குப் போகத் தொட்டியில் கொட்டி வைக்கிற மண். மூன்றாம் கட்டிடத்தில் ஒரு அம்மா, தன் பூனை போன மண்ணைக் கட்டி கட்டியாக அள்ளிக் கம்மோடில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஈரம் பட்டால் இறுகிக்கொள்ளும் களிமண் ரகம் அது. ஆறடிக் குழாயை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. உள்ளே சுத்தியல் வைத்தாலும் உடையாத கல். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாகக் காட்டித் திரிந்தார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கே பூனை வந்தது. மனைவி ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கிறார். துண்டுத்துணி மூட்டைக்குள் கண் திறக்காமல் கிடந்த குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றபோது, ஸ்பானர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். யாராவது பக்கத்தில் நின்றால்தான் சாப்பிடும் என்பதால் அதற்குத் துரை என்று பெயர் வந்தது.

துரைக்கு மண் தேடியது பெரிய கதை. முதலில் மரத்தூளை அழுத்திச் செய்த உருண்டைகள். துரை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு நேராகப் போய் வெட்டி வைத்த ரவிக்கைத் துணிமேல் காரியத்தை முடித்தார். பிறகு காகிதக் கூழில் செய்தது. இரண்டே நாளில் வீடு நாறியது. கண்ணாடிச் சில்லு மாதிரி பளபளவென்று ஒன்று வந்தது. கால் வைத்ததும் நறநறவென்று சத்தம் கேட்டு, துரை அலமாரி உச்சிக்கு ஓடிவிட்டார். கடைசியில் அதே களிமண் ரகம். பார்த்த உடனே துரை இறங்கித் தோண்டினார். பகையாளி நடுவீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டான் என்று ஸ்பானர் புலம்பினார்.

புலம்பலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மண் கட்டில்வரை வந்தது. அள்ளும்போது புழுதி பறந்தது. மனைவி தினமும் காலையில் முக்காலி போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்து, அதற்கென்று வாங்கிய ஜல்லிக் கரண்டியால் மண்ணைச் சலித்து, மூத்திரம் பட்டு இறுகிய கட்டிகளை எடுப்பார். தும்முவார். மறுபடி சலிப்பார். பிறகு ஏதோ பரீட்சை முடிவு சொல்கிற மாதிரி அறிவிப்பார்: "மூணு. ஒன்னு கொஞ்சம் சின்னது."

"காலங்காத்தால இதையெல்லாம் எதுக்கு எங்கிட்ட சொல்ற?" என்று ஸ்பானர் காபித் தம்ளரைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். வேண்டாததைக் கண்ணில் படாமல் அனுப்பிவிடுவதுதான் நல்ல வேலை என்பது அவர் கொள்கை. இருபது வயதிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அதை உட்கார்ந்து எண்ணுகிற பெண்ணை என்ன சொல்வது?

துரைக்கு நாலு வயதானபோது மகளுக்குக் குழந்தை பிறந்தது. மனைவி மூன்று மாதம் கூட இருக்கப் புறப்பட்டார். பெட்டியை மூடியபடி அவர் சொன்னது இரண்டே விஷயம். "அவனைப் பாத்துக்கங்க. தினமும் எத்தனைன்னு எனக்கு மெசேஜ் போடுங்க, மறந்துடாதீங்க."

ஒரு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு அள்ளினார், எண்ணினார், அனுப்பினார். எட்டாம் நாள், வேலைக்குப் போன ஒரு வீட்டில் யாரோ போனில் ஒரு படம் காட்டினார்கள். ஒரு பூனை கம்மோடுமேல் ஏறி, நாலு காலையும் விளிம்பில் ஊன்றி, மனிதர்களைப் போலப் போய்விட்டு இறங்கியது. ஸ்பானர் அதை ஐந்து முறை பார்த்தார். மண் இல்லை, புழுதி இல்லை, தும்மல் இல்லை. மனைவி திரும்பி வரும்போது கதவைத் திறந்து காட்டி அசத்திவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

வேலை என்று வந்துவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. பழைய தண்ணீர்த்தொட்டி மூடியை அறுத்து, கம்மோடின் வாயில் அச்சாகப் பொருந்துகிற தட்டு ஒன்று செய்தார். துரையின் பாதத்தில் கீறாமல் இருக்க விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். முதலில் மண்தொட்டியைக் கழிப்பறைக்குள் நகர்த்தினார். அதைச் செங்கல்மேல் வைத்து, ஒவ்வொரு கல்லாக உயர்த்தினார். பிறகு மண்ணைத் தட்டிலேயே பரப்பினார். தட்டின் நடுவில் ஒரு ஓட்டை. அதை வாரத்துக்கு இரண்டு விரல் பெரிதாக்கினார், மண்ணை வாரத்துக்கு ஒரு பிடி குறைத்தார். துரை முறைத்தார், முனகினார், ஆனால் வழிக்கு வந்தார். ஏழாவது வாரம், தட்டே இல்லாமல், வெறும் விளிம்பில் நின்று போனார். சளசளவென்று தண்ணீரில் விழுந்த சத்தத்தைக் கேட்டு ஸ்பானர் தலைகால் புரியாமல் கைதட்டினார்.

மண்தொட்டியைத் தூக்கிப் பரணில் போட்டார். எண்ணுவதற்கு இனி ஒன்றும் இல்லை. ஆனால் மனைவிக்கு மெசேஜ் போக வேண்டுமே, குட்டு வெளிப்பட்டால் அசத்துவது எப்படி? தினமும் காலையில் "மூணு" என்று அனுப்பினார். ஒரே ஒரு வார்த்தை, அதுவும் நல்ல எண்ணத்தில். மனசு உறுத்தவே இல்லை.

மூன்று வாரத்தில் செய்தி பரவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். துரை விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "பேப்பர் படிக்கிறாரு, தொந்தரவு பண்ணாதீங்க" என்றார் ஸ்பானர். எல்லோரும் சிரித்தார்கள். இறங்கிய துரை மறுபடி ஏறினார். இறங்கினார், மறுபடி ஏறினார். "ஆளுங்களப் பாத்ததும் வித்தை காட்டுறான் பாருங்க" என்று ஸ்பானர் பூரித்துப் போனார்.

மறுநாள் துரை சாப்பாட்டைத் தொடவில்லை. பவிசு என்று நினைத்தார். அதற்கடுத்த காலை மனைவி வீடியோவில் கூப்பிட்டு, பேரனின் கொட்டாவியை எல்லாம் காட்டிவிட்டு, "துரையக் காட்டுங்க" என்றார். துரை சுவர் ஓரம் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தார்.

மனைவியின் முகம் மாறியது. "என்னங்க, அவன் இப்படி உக்கார மாட்டானே. அடிவயித்தத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக ஏதோ கையில் தட்டியது. துரை அலறிய அலறலில் ஸ்பானர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நேத்து எத்தனை?"

"மூ..." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துரையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார்.

கால்நடை மருத்துவர் அவர் மகள் வயதுப் பெண். துரையின் வயிற்றை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "கடைசியா எப்ப சரியாப் போச்சு?"

முப்பது வருடமாக ஊரையெல்லாம் கேட்ட கேள்வி. ஸ்பானர் பேந்தப் பேந்த விழித்தார். அவர் சட்டைப்பையில் இருந்த போனில் இருபத்திரண்டு நாள் பதில் இருந்தது. எல்லாம் மூணு.

"ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பச் சின்னது. உப்பு பொடிப்பொடியா சேந்து அடைச்சிருக்கு" என்றார் மருத்துவர். "மெல்லிசா ஒரு டியூப் போட்டு எடுக்கணும். மூணு நாள் இங்கயே இருக்கட்டும். பிழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாதுங்க."

"கம்மோடுல போகப் பழக்கினதாலயா டாக்டர்?"

"அதனாலதான்னு சொல்ல மாட்டேன். சில பூனைங்க அதுல ஏறப் பயந்து அடக்கி வைக்கும், சிலது நல்லாவே போகும். ஆனா மண்ணா இருந்தா முந்தாநேத்தே தெரிஞ்சிருக்கும். கட்டி சின்னதாகும், அப்புறம் இல்லாமலே போகும். தண்ணியில ஒன்னும் தெரியாதே."

வாசலில் நின்றபடி மனைவியைக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்ப நீங்க தினமும் அனுப்புனது?"

"பொய்ம்மா."

"பாத்துக்கங்கன்னுதான சொன்னேன்" என்றார் மனைவி. குரலை உயர்த்தவில்லை. "அவனை மாத்துங்கன்னா சொன்னேன்?" தொடர்பு துண்டிக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து அந்தத் தட்டை எடுத்தார். விளிம்பு இன்னும் வழுவழுவென்று இருந்தது. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தது! தட்டை அவ்வளவு பார்த்தவர் பூனையைப் பார்க்கவில்லை. அதை ரம்பத்தால் நாலாக அறுத்துப் போட்டார். பரணிலிருந்து மண்தொட்டியை இறக்கிக் கழுவினார்.

அந்த மூன்று நாளும் ஸ்பானருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துரை போய்விட்டால் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் முதலில் பயம். போகப் போக வேறு ஒன்று உறைத்தது. மனைவி காலையில் அறிவித்ததை எல்லாம் அவர் நாலு வருடமாக அசிங்கம் என்று தள்ளியிருந்தார். மனைவியோ அந்த மண்ணில் துரையின் உடம்பைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். நேற்று தண்ணீர் குடித்தானா, வயிறு சரியாக இருக்கிறதா, எல்லாம் அதில் இருந்தது. மூன்று வேண்டாத ரகங்களையும் விட்டு, புழுதி பறந்தாலும் பரவாயில்லை என்று அவர் களிமண்ணையே பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ஸ்பானர் ஒரு நாளும் கேட்டதில்லை.

துரை பிழைத்தார். நாலாம் நாள் இளைத்த உடம்போடு வீட்டுக்கு வந்தவர் கழிப்பறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புது மண்ணில் இறங்கி, மூலைக்கு மூலை தோண்டி, கண்ணை மூடி உட்கார்ந்தார். ஸ்பானர் முக்காலியில் மூச்சுவிடாமல் காத்திருந்தார். துரை எழுந்து போனதும் கரண்டியை விட்டு அள்ளினார். கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி. புழுதி மூக்கில் ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. முழுப் பழியையும் புழுதிமேல் போட முடியாது. ஒரு படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "பெருசா இருக்கு. நல்லது." அவ்வளவுதான். பிறகு அவர் தினமும் எண்ணிக்கையை மட்டும் அனுப்பாமல் படத்தையும் சேர்த்து அனுப்பினார். மனைவி கேட்கவில்லை, ஆனாலும் அனுப்பினார்.

பத்து நாளில் மனைவி வந்து சேர்ந்தார். துரையை மடியில் போட்டு வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு நேராகப் போய் மண்தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

மறுநாள் காலை அவர் காபித் தம்ளரோடு வந்தபோது மனைவி முக்காலியில் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல அவர் நகர்ந்து போகவில்லை. கதவோரம் தரையிலேயே உட்கார்ந்தார். மனைவி தும்மினார். சலித்தார். அடுக்கடுக்காகத் தும்மினார்.

"நாலு" என்று மனைவி அறிவித்தார், யாரிடமும் இல்லாமல், பழக்கத்தில்.

"ஏழு" என்றார் ஸ்பானர்.

மனைவி திரும்பித் தொட்டியை மறுபடி பார்த்தார். "ஏழா? நாலுதாங்க இருக்கு. என்னத்த எண்ணுனீங்க?"

"உன் தும்மல" என்று எழுந்து வந்து, அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.