பெட்டியை மூட மறுத்தவர்கள்

2006 ஜூலை மாதம். ஐக்கிய அரபு அமீரகத்தில் இருக்கும் புஜைராவில் எண்ணெய் டேங்குகள் கட்டிக்கொண்டிருந்த ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் டைம் கீப்பராக இருந்தேன். நானூற்றுச் சொச்சம் பேர் டியூட்டிக்கு வந்தார்களா, எப்போது போனார்கள் என்று எழுதிவைப்பது என் வேலை. ஆட்களைப் பெயரைவிட நம்பரை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

அவர்களில் ஒரு வெல்டர், சிவகங்கைப் பக்கத்துக்காரர், சைட்டில் மயங்கி விழுந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே கிடந்து இறந்துபோனார். இந்த மாதிரிக் காகித வேலைகளைப் பார்க்கும் ஆள் லீவில் போயிருந்ததால், "நீதான் தமிழ் ஆளாச்சே" என்று சொல்லி ஃபைலை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஊருக்கு போன் செய்து சொல்வதும் என் வேலையாயிற்று. அவர் மனைவி அழவில்லை. என்னிடம் கோபப்பட்டார்.

"அது அவுகளா இருக்காது. அத்தன பேருல வேற யாரையோ பாத்துட்டுச் சொல்றீக. மொகத்தப் பாத்தாத்தான் நான் நம்புவேன்."

கண்டிப்பாகப் பார்க்கலாம் அம்மா, அனுப்பிவைக்கிறோம் என்று சொல்லி போனை வைத்தேன். அதற்கப்புறம் போலீஸ், ஆஸ்பத்திரி, தூதரகம் என்று ஒரு வாரம் அலைந்தேன். எல்லாம் முடிந்து உடல் துபாயில் இருந்த எம்பாமிங் சென்டருக்குப் போனது. உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றி, குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைத்து விமானத்துக்குத் தயார் செய்யும் இடம் அது. ஒரு நாளைக்கு எத்தனை உடல்கள் வருமோ, அங்கே வேலை ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

அனுப்புகிற அன்று காலையில், நான் புஜைராவிலிருந்து கிளம்பி மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தபோது அங்கிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே டெக்னீஷியனாக இருந்த மலையாளி. ஐம்பது வயது இருக்கும், நிதானமான குரல்.

"சாரே, ஆஸ்பத்திரியில கெடந்ததுல மொகம் முழுக்க தாடியா இருக்கு. ஆளுக்கு மீச உண்டோ?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வண்டியில் என் பக்கத்திலேயே இறந்தவரின் அறைத்தோழர் உட்கார்ந்திருந்தார். உடலோடு ஊருக்குப் போகப்போகிறவர் அவர்தான். அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு வார அலைச்சல், கம்பெனியிலிருந்து நச்சரிப்பு, எப்படியாவது இது முடிந்து தொலையட்டும் என்கிற எண்ணம். "பாஸ்போர்ட் காப்பி கொடுத்திருக்கேனே, அதுல இருக்கிற மாதிரி செய்யுங்க" என்று சொல்லிக் கட் செய்துவிட்டேன்.

சென்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மூன்று மணிக்குள் பெட்டியை விமான நிலையத்துக் கார்கோவில் ஒப்படைக்க வேண்டும். உடலை உடுத்திப் பெட்டியில் வைப்பவர் பெஷாவர்க்காரர், ஆறடிக்கு மேல் உயரமான பட்டான். இறந்தவருக்குச் சட்டை மாட்டும்போது, உயிரோடு இருப்பவரிடம் பேசுகிற மாதிரி, "பாய் சாப், மாஃப் கர்னா" என்று மன்னிப்புக் கேட்டுக் கையைத் தூக்கினார். ஒவ்வொரு கைக்கும் ஒரு முறை கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரைத் தெரிந்த ஒருவர் முகத்தைப் பார்த்து 'ஆமாம்' என்று சொன்ன பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். எத்தனை அவசரமானாலும் அதை விடமாட்டார்கள். அறைத்தோழர் போய்ப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே பின்னால் நகர்ந்தார்.

"சார், இது எங்காளு இல்ல சார்."

அவர் மறுபடி குனிந்து, இடது கையில் இருந்த பழைய தீக்காயத் தழும்பைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். ஆள் அவர்தான். ஆனால் மீசை இல்லை. சுத்தமாக மழித்திருந்தது.

அறைத்தோழர் சொன்ன விஷயம் இதுதான். பாஸ்போர்ட் படம் எடுக்கும் சமயத்தில் அவர் பழனியில் வேண்டுதலுக்கு மொட்டை போட்டு, மீசையையும் எடுத்திருந்தார். கல்யாணத்துக்கு முந்தின கதை அது. அதற்கப்புறம் ஒருநாள்கூட மீசை இல்லாமல் இருந்ததில்லையாம். முறுக்கிவிட்ட பெரிய மீசை. கேம்பில் அவருக்கு 'மீசைக்காரர்' என்றுதான் பெயராம். அவர் நம்பரைத் தினமும் எழுதிய எனக்கு மட்டும் அது தெரியவில்லை. அந்தம்மா அவரை மீசையில்லாமல் பார்த்ததே கிடையாது. முகத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்னவருக்கு, வேறு யாரோ மாதிரி ஒரு முகத்தை அனுப்பப்போகிறேன்.

டெக்னீஷியன் பாஸ்போர்ட் காப்பியை எடுத்து மறுபடி பார்த்தார். நான் போனில் சொன்னதை அவர் சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. "என்ட தப்பு. ரெண்டாவது ஒரு போட்டோ பாக்காம நான் ரேசர் எடுக்கக்கூடாது" என்றார். தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைவிட மோசமாக ஒன்று சொன்னேன். பெட்டிமேல் 'திறக்க வேண்டாம்' என்று ஒரு காகிதம் ஒட்டி அனுப்பிவிடலாமே என்றேன்.

அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"அது பார்க்க முடியாத நிலையில இருக்கிற உடம்புக்கு ஒட்டறது சாரே. நாங்க செஞ்ச தப்ப மறைக்கறதுக்கு இல்ல. இத நான் மூட மாட்டேன்."

பட்டானும் மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். வேறு படம் இருக்கிறதா என்று கேட்டார் டெக்னீஷியன். அப்போதுதான் உறைத்தது. என் கையில் இருந்த ஃபைலிலேயே அவருடைய லேபர் கார்டு இருந்தது. அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் புதுப் படம் கொடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால், கறுகறுவென்று மீசை. ஒரு வாரமாக அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்! வெட்கத்தோடு நீட்டினேன். அப்போதுதான், காலையில் போனில் அலட்சியமாகப் பேசியது என் தப்பு என்று சொன்னேன். அவர் படத்தை வாங்கிக்கொண்டு, அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

நல்லவேளை, தலைமுடியில் யாரும் கைவைத்திருக்கவில்லை. பின்னங்கழுத்துப் பக்கம், வெளியே தெரியாத இடத்தில் கொஞ்சம் முடியைக் கத்தரித்து, வெள்ளைத் துணியில் பரப்பினார். உதட்டின் மேல் மெல்லிசாகப் பசை தடவி, சின்ன இடுக்கியால் நாலைந்து முடிகளாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், இறக்குவார், படத்தைப் பார்ப்பார், மறுபடி வைப்பார். அறைத்தோழர் அழுகையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் கீழ எறங்கும்ணே... வலது பக்கம் இம்புட்டு வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நுனியை முறுக்குவது மட்டும் டெக்னீஷியனுக்கு வரவில்லை. அவர் மழுங்க மழித்த ஆள். பட்டானுக்கு அருமையான மீசை. "ஹடோ பாய்" என்று அவரை நகரச் சொல்லிவிட்டு, விரல் நுனியில் துளி மெழுகு எடுத்து, வழக்கம்போல இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஒரு திருகு திருகினார். அறைத்தோழர் வாய்விட்டு அழுதுகொண்டே 'ஆமாம்' என்றார். மூடி ஏறியது. பட்டானே சென்டர் வண்டியை விரட்டிய விரட்டில் மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கார்கோவில் இருந்தோம்.

மூன்றாம் நாள் அறைத்தோழர் ஊரிலிருந்து போன் செய்தார். பெட்டியைத் திறந்ததும் அந்தம்மா ரொம்ப நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாராம். யாரும் மீசையைத் தொட்டுவிடக் கூடாதே என்று இவர் பக்கத்திலேயே காவல் நின்றாராம். கடைசியில் "அவுகதான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாராம். செய்தி போன நாளிலிருந்து அவர் அழுதது அப்போதுதானாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு. பஸ் பிடித்து அந்த சென்டருக்குப் போய் இருவரிடமும் இதைச் சொன்னேன். அனுப்பிய பிறகு ஊரில் என்ன ஆயிற்று என்று வந்து சொன்ன முதல் ஆள் நான்தான் என்றார் டெக்னீஷியன். அவர் இந்த வேலைக்கு வந்து பதினான்கு வருஷமாகியிருந்தது. பட்டானுக்கு நான் ஹிந்தியில் சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. உடனே மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். மூன்று பேரும் வாசலில் நின்று டீ குடித்தோம். பாதி டீயில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இருவரும் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

அந்த நாட்டில் நான் பார்த்த உயரமான கட்டடங்களுக்கும் அகலமான சாலைகளுக்கும் கணக்கே இல்லை. ஆனால் கல்ஃபில் அப்படி என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால், தங்களை ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு பெண்ணுக்காக, ஒரு முகத்தைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை பெட்டியை மூட மறுத்த இரண்டு பேரைப் பார்த்தேன், அவர்கள் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறேன்.