முப்பத்திரண்டு மீற்றர்

நிப்றாஸ் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். அவன் இருந்து கதைக்க வரவில்லை என்பது றுமானாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ராத்தா, சங்கத்துட சீலத் தாங்க. ரெண்டு நிமிசம். குத்திப்போட்டுத் தாரன்."

டிசம்பர் பதினெட்டாந் திகதி, காலை பத்து மணி. மேசையில் பள்ளிச் சீருடைக்கான வெள்ளைத் துணி குவிந்து கிடந்தது. றுமானா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"என்னத்துக்குக் குத்தப்போறீங்க?"

"ஒழுங்கைக் கானுக்கு. வேல முடிஞ்ச கடிதம். உங்கட கையெழுத்து இரிக்கிதானே."

அவன் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிக் காட்டினான். அடியில் அவளுடைய ஒப்பமேதான். பக்கத்தில் தலைவி ஆமினா உம்மாவின் ஒப்பம். அதற்கு மேலே, 'நூற்றிருபது மீற்றர் வடிகான் வேலை திருப்திகரமாக நிறைவேற்றப்பட்டது' என்று தட்டச்சாகியிருந்தது. ஜூலையில் அவள் ஒப்பமிட்டபோது அந்த இடத்தில் ஓர் எழுத்துக்கூட இருக்கவில்லை.



கல்முனைப் பக்கத்தில் இது புதினமான காரியமல்ல. ஒழுங்கைக்குக் கான் கட்டுவது, பாதைக்குக் கல் பதிப்பது போன்ற சின்ன வேலைகளை அரசாங்கம் ஊர்ச் சங்கங்களுக்கே கொடுக்கும். சங்கம் தன் பெயரைக் கொடுக்கும். வேலையை நிப்றாஸைப் போல ஓர் ஆள் எடுத்துச் செய்வான். தொடக்கத்தில் ஒரு கட்டுத் தாள்களைக் கொண்டுவந்து, கையெழுத்து விழவேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டிருப்பான். தலைவியும் செயலாளரும் புள்ளடியைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்து வைப்பார்கள். பிறகு எந்தத் தாள் எதற்கென்று ஒருவரும் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகச் சங்கக் கட்டடத்துக்குக் கூரைத்தகடு போட்டுத் தருவதாக நிப்றாஸ் சொல்லியிருந்தான். சொன்னபடி இருபத்துநான்கு தகடுகள் வந்து கட்டடச் சுவரோடு சாய்ந்து நின்றன.

மற்றவர்கள் அப்படிக் கையெழுத்து வைத்ததில் அதிசயமில்லை. சங்கச் செயலாளர் றுமானா வைத்ததுதான் அதிசயம். அவள் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். இருபது வருடங்களாக அந்த ஒழுங்கைக்கு நிவாரணப் படிவம், பிறப்புப் பதிவு, மின்சார விண்ணப்பம் எல்லாம் நிரப்பிக் கொடுப்பவள். ஒரு சொல் வாசித்துக் காட்டாமல் எவரையும் ஒப்பமிட விட்டதில்லை. ஜூலை மாதம் அந்தக் கூட்டத்தில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள், எல்லாரும் எழும்பிவிட்டார்கள். 'கெதியா வைங்க ராத்தா' என்றான் அவன். ஏழு தாள்களில் வைத்தாள்.

இப்போது மிச்சமிருந்தது சங்க முத்திரையான சீல் ஒன்றுதான். அது தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கட்டைகளுக்கு அடியில் கிடந்தது.

"அளந்து பாத்துட்டுத் தாரன்," என்றாள்.

நிப்றாஸ் சிரித்தான். "அளக்கவா? இதென்ன பள்ளிக்கூடச் சட்டையா ராத்தா?"

"சட்டையெண்டாலும் அளக்காமத் தைக்கிறல்ல தம்பி."

சிரிப்பு நின்றது. "முப்பத்தொண்டாந் திகதிக்குள்ள பில் போகல்லெண்டா அவ்வளவு காசும் கொழும்புக்குத் திரும்பிரும். மறுகா ஊருக்கு வந்த கான நிப்பாட்டினவ ஆரெண்டு கேட்டா, நான் உங்கட பேரத்தான் சொல்லுவன்."

அன்று பின்னேரம் அவளுடைய காக்கா, மூத்த அண்ணன் மிஹ்லார், முப்பது மீற்றர் அளவு நாடாவுடன் வந்தார். அவர் மேசன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். வருடத்தில் பாதி நாள் அவருக்கு வேலை கொடுப்பவன் நிப்றாஸ். அதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒழுங்கையின் தலைப்பில் நாடாவின் வளையத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, "நீ இழுத்துட்டுப் போ," என்றார்.

கான் நன்றாகத்தான் கட்டப்பட்டிருந்தது. றுமானாவின் வளவில் அந்த மாரிக்குத் தண்ணீர் ஒரு நாளும் நிற்கவில்லை. முழு நாடா இரண்டு முறை போனது. மூன்றாம் முறை இருபத்தெட்டில் சீமெந்து முடிந்தது. அதற்கப்பால் மண்ணும் புல்லும், அதற்குமப்பால் தோணா. மழைநீரைக் கடலுக்குக் கொண்டு சேர்க்கும் அந்த நீரோடையை எட்டாமல், கான் வாயைப் பிளந்தபடி பஸ்னாவின் வளவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. மொத்த ஒழுங்கையின் தண்ணீரும் அங்கேதான் நின்றது.

"எம்பத்தெட்டு," என்றார் மிஹ்லார். "இன்னொருக்கா அளப்பம்."

மறுபடி அளந்தார்கள். எண்பத்தெட்டுத்தான்.

பஸ்னா இடியப்பம் அவித்து விற்பவள். அவளுடைய குசினியில் கணுக்கால் அளவு தண்ணீர். அடுப்பைக் கல் அடுக்கி உயர்த்தியிருந்தாள். வாசலில் நின்று இருவரையும் பார்த்தாள்.

"நாடாவ வெச்சி என்னகா செய்யப்போறாய்? தண்ணிய வெட்டித் தைக்கப்போறியா?"

"முப்பத்திரண்டு மீற்றர் கட்டல்ல பஸ்னா. கட்டினதெண்டு எழுதிரிக்கி."

"அது எனக்குத் தெரியாதா? நான்தானே அதுக்குள்ள நிக்கன்." பஸ்னா சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகினாள். "பில் வந்தா ஜனவரில மிச்சத்தக் கட்டித் தாரனெண்டு நிப்றாஸ் சொல்லிட்டுப் போறான். நீ சீல் குத்தாட்டி அதுவுமில்ல. உன்ட வளவு காஞ்சிதானே கிடக்கி, உனக்கென்ன?"

அது உண்மையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஆமினா உம்மா வந்தார். நிப்றாஸும் பின்னால் வந்தான்.

"புள்ள, அல்லாஹ்வ முன்னிட்டுச் சொல்றான், ஜனவரில செஞ்சி தாரானாம். குத்திக் குடுத்துட்டு உன்ட வேலையப் பாரு. ஆருக்கு நட்டம்?"

"அவரு அத எழுதித் தருவாரா தலைவி?" என்றாள் றுமானா. பக்கத்தில் கிடந்த கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து, பேனையோடு நிப்றாஸின் பக்கம் நீட்டினாள். "எம்பத்தெட்டுத்தான் கட்டினன், முப்பத்திரண்டு பாக்கி, ஜனவரில கட்டுவன் எண்டு எழுதுங்க. கையெழுத்து வைங்க. நான் சீல் குத்துறன்."

நிப்றாஸ் தாளைப் பார்த்தான். ஆமினா உம்மாவும் பார்த்தார்.

"அப்படியெல்லாம் எழுதுறல்ல ராத்தா," என்றான் கடைசியில். "வாயால சொன்னாப் போதும்தானே."

"எனக்கிட்ட மட்டும் எழுத்தில வாங்கினீங்களே."

அவன் போய்விட்டான். மறுநாள் காலை ஒரு லொறி வந்து இருபத்துநான்கு கூரைத்தகடுகளையும் ஏற்றிக்கொண்டு போனது. ஆமினா உம்மா றுமானாவுடன் கதைப்பதை நிறுத்தினார். சீருடை தைக்கக் கொடுத்திருந்த மூன்று வீட்டார் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அவள் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கான் குறைவு என்பதை எழுத நான்கு வரி போதுமாக இருந்தது. ஐந்தாவது வரியில்தான் பேனை நின்றது. அந்தத் தாளில் என் கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்பார்களே? பொய்க் கையெழுத்து என்று எழுதிவிட்டால் அவள் தப்பிவிடலாம். இந்தக் கடிதத்தில் ஒப்பத்தைச் சற்று மாற்றிப் போட்டால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒரு முழுப் பகல் அந்த வரியோடு கிடந்தாள். பிறகு எழுதினாள்: 'வெறும் தாளில் நானே ஒப்பமிட்டேன். அது என்னுடைய பிழை. ஆனால் அதற்கு மேலே எழுதப்பட்டிருப்பது உண்மையல்ல. எல்லாருக்கும் முன்னால் அளந்து பார்க்குமாறு கேட்கின்றேன்.'

இழுப்பறையைத் திறந்து, அந்தக் கடிதத்தின் அடியில் சீலைக் குத்தினாள்.

பிரதேச செயலகத்தில் கடிதம் வாங்கும் எழுதுவினைஞர் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல உங்களையே நீங்க மாட்டியிரிக்கீங்களே. யோசிச்சித்தானா தாறீங்க?"

"ஓம் சேர். கிடைச்சதெண்டு பிரதியில திகதி போட்டுத் தாங்க."

"பிரதி வேற கொண்டந்திரிக்கீங்களா?"

"ரெண்டு."

டிசம்பர் இருபத்தொன்பதாந் திகதி, தூறலில், தொழில்நுட்ப உத்தியோகத்தர் டனிஸ்டன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒழுங்கையே வெளியில் நின்றது. நிப்றாஸ் ஒரு பக்கம், அவனுக்குப் பின்னால் ஆமினா உம்மா. பஸ்னா தன் வளவு வாசலில். மிஹ்லார் நாடாவை நீட்டினார். டனிஸ்டன் அதை வாங்காமல் பையிலிருந்த தன் நாடாவையே எடுத்தார்.

"ஒரு முனைய நீங்க பிடியுங்க," என்றார் நிப்றாஸைப் பார்த்து.

முப்பது. அறுபது. பிறகு சீமெந்தின் விளிம்பு. டனிஸ்டன் குனிந்து பார்த்தார். மழைக்குக் குடை பிடிக்கச் சொல்லி அளவுப் புத்தகத்தைத் திறந்தார். குடையைப் பிடித்தவள் றுமானா. அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பென்சிலால் நூற்றிருபது என்று எழுதியிருந்ததை அவள் கண்டாள். அவள் கண்டதை அவரும் கண்டார்.

தூறல் குடையில் விழுந்துகொண்டிருந்தது.

டனிஸ்டன் சட்டைப் பையில் அழிறப்பரைத் தேடினார். நூற்றிருபதை அழித்தார், ஊதினார். பிறகு பக்கத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி போட்டுப் புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

"இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. மிச்சத்த நான் ஒஃபிசில போய் நிரப்புறன், தாள் நனையுது."

றுமானா குடையை நன்றாக அவர் பக்கம் சாய்த்தாள். அவளுடைய முதுகு நனைந்தது.

"நனையாது சேர். நம்பர இப்பவே போடுங்க. பேனையால."

"இவ விடமாட்டா சேர்," என்றாள் பஸ்னா வாசலிலிருந்து. "எழுதிப்போட்டுப் போங்க. நானும் எத்தின நேரம் தண்ணிக்குள்ள நிக்கிற?"

யாரோ சிரித்தார்கள். டனிஸ்டன் பேனையை எடுத்தார். எண்பத்தெட்டு என்று இலக்கத்தில் எழுதினார். அவள் நகரவில்லை. எழுத்திலும் எழுதினார். அதன் கீழே, 'மிகுதி முப்பத்திரண்டு மீற்றர் கட்டப்படவில்லை' என்று எழுதித் திகதியிட்டார்.

"அந்தக் காசு திரும்பிப் போகும், தெரியும்தானே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தெரியும் சேர். கட்டினதெண்டு எழுதினா, இனி அந்த இடத்துக்குக் கான் கேக்கவே ஏலாதே."

அவள் வரிவரியாக, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தாள். வாசித்து முடித்த பிறகு ஒப்பமிட்டாள். மடியிலிருந்த முத்திரையை எடுத்து அழுத்தினாள். மை சற்றுக் கலங்கினாலும் எழுத்துத் தெரிந்தது.

நிப்றாஸ் நாடாவின் முனையைக் கீழே போட்டுவிட்டு நடந்தான். மிஹ்லார் அதை எடுத்து, மண்ணைத் துடைத்து, முழுவதையும் சுற்றி டனிஸ்டனிடம் கொடுத்தார்.

பஸ்னா இன்னும் வாசலில்தான் நின்றாள்.

"மறுகா என்னகா செய்ற?"

"முப்பத்திரண்டு மீற்றருக்கு விண்ணப்பம் எழுதணும்," என்றாள் றுமானா. "உன்ட கையெழுத்தும் வேணும். நான் எழுதி முடிச்சி, வாசிச்சிக் காட்டினதுக்குப் பிறகு வை."