கோயிலுக்குப் போக நல்ல மாசம்

சிலமலை செல்லத்தாய்க்கு ஏலக்காய்த் தோட்டத்தில் காயெடுக்கிற வேலை. ஜீப்பில் மலையேறும்போதெல்லாம் எதிர்மலை உச்சியில் இருக்கும் பழைய கல் கோயிலை எட்டி எட்டிப் பார்ப்பாள். அங்கே போக எது நல்ல மாசம் என்று எல்லோரையும் கேட்பாள்.

"மார்கழியில போ ஆத்தா, பாதை வழுக்காது" என்றார் ஜீப்பு ஓட்டும் ஒச்சப்பன்.

"ஐப்பசியில போங்கக்கா, மேகம் காலுக்குக் கீழ நிக்கும்" என்றாள் கூடக் காயெடுக்கும் பவித்ரா.

இரண்டுமே காயெடுப்பு மாசம். லீவு கேட்டால் கங்காணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

கடைசியில் காயெடுப்பு ஓய்ந்த பங்குனியில், கொளுத்தும் வெயிலில், தனியாகவே ஏறிப் போனாள். சாமி கும்பிட்டதும், இங்கிருந்து நம்ம தோட்டம் எப்படித் தெரியும் என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தாள். எதிர்ச் சரிவு முழுக்கப் பச்சைப் பசேலென்று கிடந்தது. தினமும் தான் இடுப்பொடியக் குனிகிற இடம் அதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற மதுரைக்காரர் ஒருவரும் அங்கேதான் கையை நீட்டினார். "எவ்வளவு அழகா இருக்கு! அங்க போறதுக்கு எதும்மா நல்ல மாசம்?"

"எந்த மாசம் வேணும்னாலும் போங்கய்யா" என்றாள் செல்லத்தாய். "சோலிக்கு மட்டும் போயிராதீக."